மாமாவின் நாடாவும் வித்துவானின் தனியும்

வணக்கம் நேயர்களே. இப்போது கச்சேரிக்குப் போனால் மேடையைவிடக் கைபேசித் திரைகள்தான் கூடத் தெரிகின்றன. அப்படிப் பிடித்த பதிவு யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு என் மாமாவின் நினைவு வந்துவிடும்.

பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் கச்சேரி என்றால், மாமா ஒரு மணித்தியாலம் முந்தியே போய் ஒலிபெருக்கிப் பெட்டிக்குக் கிட்ட இடம் பிடித்துவிடுவார். பக்கத்துக் கதிரையில் கசட் ரெக்கோடர். அதற்கு அடியில் நாலாக மடித்த கைலேஞ்சி, கதிரை அதிர்வு ஏறாமலிருக்க. 90 நிமிட நாடாவில் ஒரு பக்கம் 45 நிமிடம். சரியாக அது முடிகிற நேரம் பார்த்துத்தான் மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் களைகட்டும்! ‘டக்’ என்று ஒரு சத்தம். மாமா பக்கத்தை மாற்றி முடிப்பதற்குள் பாதி போய்விடும்.

“தியாகராஜர் 1847இல போயிட்டார், இனி ஆர் வந்து கேக்கப்போறது?” என்பார் மாமா. பாதி சரி. கீர்த்தனைக்கு உரிமை கோர இன்று ஆளில்லை. ஆனால் அன்று மாலை பாடியவர் இருக்கிறாரே! இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆற்றுகையாளருக்கென்று தனி உரிமை கொடுக்கிறது. அவர் சம்மதமில்லாமல் பதிவைப் படியெடுத்து விற்க முடியாது. அந்த உரிமை, பதிவான ஆண்டு முடிந்து 50 வருடம் நிற்கும். டிக்கெட் என்னுடையது, ரெக்கோடர் என்னுடையது, பற்றரியும் என்னுடையது என்பீர்கள். சரி, நாடாவும் உங்களுடையதுதான். பாட்டு அல்ல. திரும்பவும் சொல்கிறேன், நாடா உங்களுடையது, பாட்டு அல்ல.

பல வருடம் கழித்து, அப்படி ஒரு கச்சேரியில் வாசித்த மிருதங்க வித்துவானே வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்றைய தனி அவரிடம் இல்லையாம்! தேநீரைக்கூட மறந்துவிட்டு மாமா நாடாவைத் தேடி எடுத்துப் போட்டார். வித்துவான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ‘டக்.’ கண்ணைத் திறந்தவர் சிரித்தார். “ஐயோ, இதுக்குப் பிறகுதானே நான் வாசிச்சனான்!” உரிமை அவரிடம், நாடா மாமாவிடம், நல்ல பகுதி இருவரிடமும் இல்லை.

அமெரிக்காவில் கிரேட்புல் டெட் என்ற ராக் இசைக்குழு 1984இல் பதிவு செய்கிறவர்களுக்கென்று கச்சேரியில் தனி இடமே ஒதுக்கியது. நாடாக்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. யூடியூப் பற்றியும் நிறையச் சொல்ல வைத்திருந்தேன், கலையகக் கண்ணாடிக்கு அப்பால் நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். சரி, ஒன்று மட்டும்: ஏற்றுவதற்கு முன் பாடியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். வணக்கம்.