முள்ளங்கி தின்ற மாணவர்கள்

(போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் ஒரு நூலகக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். காலை ஒன்பது மணியிலிருந்து மேலே வாசிப்பு அறையில் உட்கார்ந்திருந்துவிட்டு நேராக இறங்கி வந்திருக்கிறீர்கள். களைப்பைப் பற்றி உங்களுக்கு நான் என்ன சொல்லித்தர முடியும்? கூப்பிட்டுவிட்டார்கள், பேசுகிறேன்.

போன வாரம் இங்கே ஒரு தம்பியிடம் எவ்வளவு நேரம் படிப்பார் என்று கேட்டேன். “நாலு மணி வரைக்கும்தான் சார் ஏறும், அப்புறம் மண்டை காஞ்சிடும்” என்றார். அன்றைக்கு நானும் அதே மேசையில்தான் இருந்தேன். மூன்று ஐம்பதுக்குப் பேனாவை மூடினார், நோட்டை மூடினார், போனை எடுத்தார். மண்டை காய்வதற்குப் பத்து நிமிடம் முன்பே காய்ந்துவிட்டது. சிரிக்காதீர்கள், நாம் எல்லாருமே இப்படித்தான். மன உறுதியை டேங்கில் இருக்கும் தண்ணீர் மாதிரி நினைக்கிறோம்: காலையில் நிரம்பும், சாயங்காலம் காலி.

இந்த டேங்க் கணக்குக்கு விஞ்ஞான முத்திரை குத்தியது 1998இல் வெளியான ஓர் ஆய்வு. உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் செய்தது. 67 மாணவர்கள், எல்லாரும் பசியோடு வந்தவர்கள். அறைக்குள்ளேயே சின்ன அடுப்பில் சாக்லேட் பிஸ்கட் சுட்டு, வாசனை தூக்கலாக அடிக்கிறது. மேசையில் ஒரு பக்கம் அந்த பிஸ்கட், இன்னொரு பக்கம் முள்ளங்கி. சிலருக்கு பிஸ்கட் தின்ன உத்தரவு. சிலருக்கு முள்ளங்கி மட்டும், பிஸ்கட்டைத் தொடக்கூடாது. ஒளிந்திருந்து பார்த்தார்கள். முள்ளங்கிக்காரர்களில் சிலர் பிஸ்கட்டைக் கையில் எடுத்து மோந்து பார்த்துவிட்டு வைத்தார்களாம், பாவம்.

அப்புறம் ஒரு புதிர். பென்சிலை எடுக்காமல், போன கோட்டிலேயே மறுபடி போகாமல் ஓர் உருவத்தை வரையவேண்டும். நம் சிக்குக் கோலம் மாதிரி, ஆனால் யாராலும் முடிக்க முடியாத கோலம். பிஸ்கட் தின்றவர்கள் கிட்டத்தட்ட 19 நிமிடம் முட்டி மோதினார்கள். முள்ளங்கி தின்றவர்கள் எட்டு நிமிடத்தில் கையை விரித்தார்கள். ஆசையை அடக்கியதிலேயே மன உறுதி தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். உலகமே நம்பியது. வகுப்பில் நானும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

2016இல், இந்தக் கருத்தைச் சோதிக்க 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, இரண்டாயிரத்துச் சொச்சம் பேரிடம் வேறொரு சோதனையைச் செய்து பார்த்தன. முதல் வேலையில் மனத்தை அடக்கியதால் அடுத்த வேலையில் வந்த வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யம்.

அதற்கு முன்பே, 2010இல், வெரோனிகா ஜாப், கேரல் டுவெக், கிரெகரி வால்டன் என்ற உளவியலாளர்கள் வேறு மாதிரி கேட்டிருந்தார்கள். மன உறுதி தீர்ந்துபோகிற சரக்கு என்று நம்புகிறவர்களுக்கு மட்டும்தான் அது தீர்கிறதா? அலுப்பூட்டும் ஒரு வேலை கொடுத்து, அதன் பிறகு சோதித்தார்கள். தீரும் என்று நம்பியவர்கள் தடுமாறினார்கள். அப்படி நம்பாதவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சர்க்கரை உள்ளே போனால் டேங்க் நிரம்புமா என்று பார்க்க, 2013இல் எலுமிச்சைச் சாற்றில் சிலருக்குச் சர்க்கரையும் சிலருக்கு வெறும் இனிப்பூட்டியும் கலந்து கொடுத்தார்கள். சர்க்கரை யாருக்குக் கைகொடுத்தது தெரியுமா? “தீரும்” கட்சிக்கு மட்டும்! இதுவும் கடைசி வார்த்தை இல்லை. முள்ளங்கி சரிந்த அதே துறைதான், கொஞ்சம் எச்சரிக்கையோடே வைத்துக்கொள்வோம்.

எனக்குப் பிடித்தது கிருஷ்ணா சவானியும் ஜாபும் 2017இல் வெளியிட்ட ஆய்வு. இந்தியர்களில் பலர், மனத்தைக் கட்டுப்படுத்தினால் தெம்பு கூடும் என்று நம்புகிறார்கள். கஷ்டமான வேலைக்குப் பிறகு அடுத்த வேலையை இன்னும் நன்றாகவே செய்தார்கள் என்றது அது. எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் தெருவில் ஒருவர், ஏழு மணிக்கு முன்னால் எழுந்ததே கிடையாது. மாலை போட்டுவிட்டால் ஒரு மண்டலம் நாலு மணிக்குப் பச்சைத்தண்ணீர்க் குளியல். கேட்டால், “நாளாக ஆகத்தான் சாமி தெம்பா இருக்கு” என்பார். மாலையைக் கழற்றிய மறுநாள் பழையபடி ஏழு மணி!

சரி, அப்படியானால் களைப்பே பொய்யா? இங்கேதான் நான் ஒரு தப்பைச் செய்திருக்கிறேன். இருபது வருஷம் ட்யூஷன் எடுத்தவன் நான். கடைசி பெஞ்சில் தூங்கிவழிந்த ஒரு பையனை, “மனசு வெச்சா முடியாதாடா?” என்று தினமும் குத்திக்கொண்டிருந்தேன். அவன் ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவோடு பூ மார்க்கெட்டுக்குப் போய் மூட்டை இறக்குகிறவன் என்று வருஷக் கடைசியில்தான் தெரிந்தது. அவனுக்குத் தேவைப்பட்டது தூக்கம்.

மூளைக் களைப்புக்கு உடம்பிலேயே தடயம் இருக்கலாம். 2022இல் பாரிஸில் ஆறு மணி நேரத்துக்கு மேல் சிலருக்குக் கடினமான மூளைவேலையும் சிலருக்கு லேசான வேலையும் கொடுத்தார்கள். கடின வேலைக்காரர்களின் மூளையின் முன்பகுதியில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் கூடியிருந்தது. சாயங்காலம் ஆனதும், பொறுத்திருந்தால் கிடைக்கும் பெரிய தொகையைவிட உடனே கிடைக்கும் சின்னத் தொகைக்கு அவர்கள் சாய்ந்தார்கள். நம் தம்பி போனை எடுத்ததில் இதுவும் கொஞ்சம் இருக்கலாம், அந்தப் பத்து நிமிடத்தைத் தவிர.

டென்மார்க்கில் பள்ளிப் பிள்ளைகளின் சுமார் 20 லட்சம் தேர்வு முடிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். பள்ளியில் கம்ப்யூட்டர் எப்போது காலியோ அப்போதுதான் அந்தத் தேர்வுகள் நடந்தன. நேரம் தள்ளத் தள்ள, மணிக்கு ஒரு துளி மதிப்பெண் இறங்கியது. ஆனால் 20, 30 நிமிட இடைவேளைக்குப் பிறகு எழுதினால், ஒரு மணி நேரத்தில் இறங்கியதைவிடக் கூடுதலாகவே ஏறியது. 2016இல் வெளியான கணக்கு இது.

அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னேன். இப்போது மூன்று ஐம்பதுக்கு மூடுகிறார், கீழே போய் டீ குடிக்கிறார், போனை மேலேயே விட்டுவிட்டு. திரும்பி வந்து உட்காருகிறார். சில நாள் ஐந்தரை வரை ஓடுகிறது, சில நாள் நாலரைக்கே கண் செருகுகிறது. செருகினால் வீட்டுக்குப் போய்விடுகிறார்.

வாசலில் டீ வந்துவிட்டது போலிருக்கிறது. கேள்விகளை இருபது நிமிடம் கழித்து வைத்துக்கொள்வோம், டென்மார்க் கணக்குப்படி.