ஆழ உழச் சொன்னால் சொல்லையே உழுத ஃபங்ஷன்

வணக்கம். பாட்டியின் பழமொழிகளை அம்மா ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அவற்றைக் கூகுள் ஷீட்ஸில் ஏற்றியிருக்கிறேன், கட்டத்துக்கு ஒன்றாக. எந்தச் சொல் அடிக்கடி வருகிறது என்று பார்க்க ஆசை. இடைவெளியை வைத்து வெட்டினால் கமாவும் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் சொற்களை மட்டும் பிரித்துத் தர, சொந்தமாக ஒரு ஃபங்ஷன், அதாவது ஷீட்டில் பெயர் சொல்லி அழைக்கும் சின்ன நிரல், எழுத உட்கார்ந்தேன்.

எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட், ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் நிரல் எழுதும் இடம். அங்கே எழுதிச் சேமித்தால் போதும், ஷீட்டில் சமக்குறி போட்டு அழைக்கலாம்.

முதலில் ரெகெக்ஸில், அதாவது எந்த மாதிரி எழுத்துகளைத் தேட வேண்டும் என்று சொல்லும் குறிமுறையில், சொல்லைப் பிடிக்க எல்லோரும் போடும் பின்சாய்வுக்கோடு, டபிள்யூ. ஒரு சொல்கூட வரவில்லை! ஜாவாஸ்கிரிப்ட்டில் அது ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மூன்றை மட்டுமே அறியும்.

சரி, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் முறைதான் யூனிகோட். அதில் எந்த மொழி எழுத்தையும் பிடிக்கும் வகையான 'எல்'லைப் போட்டேன். 'அகல உழுவதினும் ஆழ உழு' என்ன ஆனது, திரையில் பாருங்கள்: அகல, உழ, வத, ன, ம, ஆழ, உழ. ஆழ உழு என்றால் சொல்லையே உழுதுவிட்டது! சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தேன், 'அகல', 'ஆழ' இரண்டும் முழுசாக இருக்கின்றன. அவற்றில் கொம்பும் இல்லை, புள்ளியும் இல்லை.

காரணம் அதுதான். யூனிகோடில் 'உழு' என்பது உ, ழ, அதன் பின் தனியாக ஓர் உகரக் குறி. அந்தக் குறி 'எல்' வகையில் வராது, எழுத்தோடு ஒட்டும் குறிகளுக்கான 'எம்' வகை. 'தமிழ்' என்று போட்டு, நீளம் சொல்லும் லென் ஃபங்ஷனைக் கேட்டுப் பாருங்கள், 5 என்று சொல்லும். நமக்கு மூன்று எழுத்துதானே.

ஆகவே சதுர அடைப்புக்குள் எல், எம் இரண்டையும் சேர்த்து, தொடர்ந்து வருவதை ஒன்றாகப் பிடிக்கப் பின்னால் ஒரு கூட்டல் குறி. கடைசியில் ஜி, யு என்று இரண்டு கொடிகள், அதாவது ரெகெக்ஸ் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் எழுத்துகள்: ஜி எல்லாவற்றையும் எடுக்க, யு யூனிகோட் வகைகளைப் புரிந்துகொள்ள. யு விட்டுப்போனால் பிழைச் செய்திகூட வராது, சும்மா எதுவும் கிடைக்காது. அரை மணி நேரம் அதில் போயிற்று. இப்போது அகல, உழுவதினும், ஆழ, உழு. நான்கும் நலம்.

இரண்டு எச்சரிக்கை. காலிக் கட்டத்துக்கு, ரெகெக்ஸ் வைத்துத் தேடும் மேட்ச் கட்டளை 'நல்', அதாவது 'ஒன்றுமில்லை' என்று தரும், அதைத் தனியாகக் கவனியுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஃபங்ஷனை இழுத்து நிரப்பாதீர்கள், ஷீட் திணறும். முழு நெடுவரிசையையும் ஒரே அழைப்பில் கொடுங்கள். 30 விநாடிக்குள் முடிய வேண்டும்.

எண்ணிப் பார்த்தால் யானை, யானைக்கும், யானையை எல்லாம் தனித்தனிச் சொல்லாக நிற்கின்றன. வேற்றுமை உருபைக் கழற்றுவது அடுத்த வீடியோவில்.