கைத்தடி எந்தக் கையில்?

நேயர்களுக்கு வணக்கம்.

வலது இடுப்பு வலிக்கிறதென்று கைத்தடி வாங்குபவர் பெரும்பாலும் அதை வலது கையில்தான் பிடிக்கிறார். வலிக்கிற பக்கத்துக்குத்தானே துணை வேண்டும் என்று நினைக்கிறார். அது தவறு. ஏன் என்பதற்கு நம் மூட்டுகள் நெம்புகோலாக வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

நெம்புகோலுக்கு ஆதாரப்புள்ளி, பளு, இழுக்கும் விசை மூன்றும் வேண்டும். உடம்பில் மூட்டே ஆதாரம், எலும்பே கோல், இழுப்பது தசை. முழங்கையில், மேற்கையின் இருதலைத் தசை மூட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி முன்கை எலும்பைப் பற்றுகிறது. உள்ளங்கை இருப்பதோ 35 செ.மீ. தள்ளி. முழங்கையைச் செங்கோணமாக மடக்கி 5 கிலோ அரிசிப் பையை ஏந்தினால், தசை 35 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். முன்கையின் எடை தனி. பார்த்தால் நஷ்ட வியாபாரம்தான். ஆனால் தசை ஒரு செ.மீ. சுருங்கினாலே கை ஏழு செ.மீ. நகர்ந்துவிடுகிறது. 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் ஜொவான்னி பொரெல்லி இந்தக் கணக்கை விரிவாகப் போட்டுக் காட்டினார்.

இப்போது இடுப்புக்கு வருவோம். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சற்று நேரம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். 60 கிலோ எடையுள்ளவர் என்றால், ஊன்றிய காலின் எடை போக ஏறத்தாழ 50 கிலோ அந்த ஒரு மூட்டின் பொறுப்பு. அந்த எடை இறங்கும் கோடு மூட்டிலிருந்து 10 செ.மீ. உள்பக்கமாக விழுகிறது. இடுப்பெலும்பு மறுபக்கம் சரிந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பவை பிட்டத்தின் பக்கவாட்டுத் தசைகள். அவை மூட்டுக்கு வெளிப்பக்கம் 5 செ.மீ. தூரத்தில்தான் இழுக்கின்றன. தூரம் பாதி, ஆகவே இழுவை இரட்டிப்பு: 100 கிலோ. சீசாப் பலகையில் இருபுறமும் உட்கார்ந்தவர்களின் எடை நடுக்கட்டையில் சேர்வதுபோல, மூட்டின் மேல் மொத்தம் 150 கிலோ. எண்கள் ஆளுக்கு ஆள் மாறும், விகிதம் பெரிதாக மாறாது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் மூட்டுக்கு இரண்டரை கிலோ மிச்சம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

அந்தத் தசை தளர்ந்தால், ஒற்றைக் காலில் நிற்கும்போது தூக்கிய கால் பக்கம் இடுப்பு தாழும். 1895இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க் விவரித்த இந்த அடையாளத்தை மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். வலியுள்ளவர் வலிக்கிற பக்கமே சாய்ந்து நடப்பதும் எடைக்கோட்டை மூட்டுக்கு அருகே கொண்டுவரத்தான்.

வலது இடுப்பில் வலி என்றால் கைத்தடியை இடது கையில் பிடியுங்கள். அந்தக் கை வலது மூட்டிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருக்கும். 6 கிலோ அளவுக்குத் தடியை அழுத்தினாலே தசையின் வேலை ஏறக்குறையப் பாதியாகி, மூட்டின் மேலுள்ள 150 கிலோ நூறுக்கும் கீழே இறங்கிவிடும். வலது கையில் பிடித்தால், சாய்ந்து நன்றாகப் பாரம் போட்டாலொழிய, தடி உடம்பை எடை சரிகிற திசைக்கே தள்ளும். காய்கறிப் பை மட்டும் வலிக்கிற பக்கத்துக் கையில் இருக்கட்டும். அங்கே அது தசைக்குத் துணை.

உயரமும் முக்கியம். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். பிடிக்கும்போது முழங்கை இலேசாக மடங்கும். உயரம் கூடினால் தோள் தூக்கிக்கொள்ளும், குறைந்தால் முதுகு கூனும். தடியும் வலிக்கிற காலும் சேர்ந்தே முன்னே போக வேண்டும். படி ஏறும்போது முதலில் நல்ல கால், இறங்கும்போது முதலில் தடியும் வலிக்கிற காலும். அடியிலுள்ள ரப்பர் பூண் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். ஈரத் தரையில் முதலில் சறுக்குவது அதுதான்.

வணக்கம்.