"உப்பு போடு" என்பதற்கு முன் ஒரு கேள்வி

வணக்கம் நண்பர்களே. பின்னால் தெரிகிற தொட்டியை நீங்கள் பல தடவை பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு மீன் வளர்க்கிற நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற ஆலோசனையைப் பற்றிப் பேச வேண்டும். கொஞ்ச நாளாகவே மனதை அரித்துக்கொண்டிருக்கிற விஷயம் இது.

இந்தத் தொட்டி வைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒருநாள் காலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தால், ஆறு பிளாட்டி மீன்களும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. செவுள் படபடவென்று அடிக்கிறது. பதறிப்போய்ப் படம் எடுத்து, நான் இருந்த மீன் வளர்ப்புக் குழுவில் போட்டேன். அரை மணி நேரத்தில் பன்னிரண்டு பதில்கள். கல் உப்பு போடு. ஹீட்டரைக் கூட்டு. தண்ணீரை முழுவதும் மாற்று. தண்ணீரைத் தொடவே தொடாதே. ஆன்டிபயாடிக் கொடு. எல்லாரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே ஒருவர்தான் என்னிடம் திருப்பிக் கேட்டார்: "தொட்டி வைத்து எத்தனை நாள் ஆச்சு? அம்மோனியா, நைட்ரைட் எவ்வளவு காட்டுது? சமீபத்தில் ஃபில்டரைக் கழுவினீங்களா?"

கழுவியிருந்தேன். ஃபில்டருக்குள் இருக்கிற ஸ்பாஞ்சை வாராவாரம் குழாய்த் தண்ணீரில் பிழிந்து அலச வேண்டும் என்று அதே குழுவில் முந்தின வாரம் ஒருவர் சொல்லியிருந்தார். அப்படியே செய்தேன். உடனே நைட்ரைட் டெஸ்ட் எடுத்துப் பார்த்தேன். அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாயில் சொட்டு விட்டுக் குலுக்கியதுமே வெளிர் நீலம் அடர் ஊதாவாக மாறிவிட்டது. பாதித் தண்ணீரை மாற்றினேன், காற்றுக் குமிழி விடுகிற ஏர் ஸ்டோன் இன்னொன்று போட்டேன். நான்கு மீன்கள் பிழைத்தன. இரண்டு போய்விட்டன. செத்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டியது காவிப் பழுப்பாக இருந்தது.

என்ன நடந்தது என்றால், மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவை ஒரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு வகை அதை அவ்வளவாக ஆபத்தில்லாத நைட்ரேட்டாக மாற்றுகிறது. இந்தக் கூட்டம் முழுதாக வளர நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அது குடியிருக்கிற முக்கியமான இடமே அந்த ஸ்பாஞ்ச்தான். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் பாதிக் குடும்பம் காலி. நைட்ரைட் ரத்தத்தில் சேர்ந்தால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். தண்ணீரில் காற்று இருந்தும் மீன் மூச்சுத் திணறும்.

இப்போது அந்தப் பன்னிரண்டு பதில்களுக்கு வருகிறேன். உப்பு போடச் சொன்னவர் சொன்னது சரி! உப்பில் இருக்கிற குளோரைடு செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். ஆனால் ஏன் என்று அவர் சொல்லவில்லை, எத்தனை லிட்டருக்கு எவ்வளவு என்றும் சொல்லவில்லை. செதில் உதிர்ந்தாலும் வயிறு வீங்கினாலும் அவர் சொல்வது உப்புதான். ஹீட்டரைக் கூட்டச் சொன்னவரிடம் கேட்டேன். தன் மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தபோது அப்படித்தான் சரியானதாம். வெள்ளைப் புள்ளிக்கு அது பொருந்தும். அந்த ஒட்டுண்ணி தோலுக்குள் இருக்கும்வரை மருந்து எட்டாது. சூடு கூடினால் அதன் வளர்ச்சி வேகமாகி, தண்ணீரில் நீந்துகிற பருவத்துக்குச் சீக்கிரம் வரும், அப்போது மருந்து பிடிக்கும். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. ஏற்கெனவே மூச்சுத் திணறுகிற என் மீன்களுக்கு அதைச் செய்திருந்தால்? அவர் பொய் சொல்லவில்லை. அவர் தொட்டிக்கான பதிலை என் தொட்டிக்குக் கொடுத்துவிட்டார்.

"என் தொட்டியில் அம்மோனியா 1 காட்டியது, ஒன்றும் ஆகவில்லை" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம். டெஸ்ட் கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் விஷமான பகுதி எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பிஹெச்சும் (அமிலமா காரமா என்று காட்டுகிற எண்) வெப்பமும்தான் தீர்மானிக்கும். 25 டிகிரியில், பிஹெச் 7 என்றால் அது 1 சதவீதத்துக்கும் கீழே. பிஹெச் 8 என்றால் 5 சதவீதத்துக்கும் மேலே. அதே பச்சை, அதே எண், ஆனால் ஒரு தொட்டியில் மீன் மேயும், இன்னொன்றில் சாகும். பிஹெச் கேட்காமல் அம்மோனியாவைப் பற்றிப் பேசுகிறவரை நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை.

நிறைய பேர் சொல்கிறார்கள் என்பதும் எனக்குப் போதாது. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்கிற நுண்ணுயிர் என்று பல வருடம் எல்லாரும் சொல்லிவந்தார்கள். டிமோதி ஹோவனெக்கும் அவருடன் ஆராய்ந்தவர்களும் நன்னீர் மீன் தொட்டிகளைச் சோதித்து, அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-ல் காட்டினார்கள். இன்றைக்கும் பழைய பெயர்தான் பெரும்பாலும் காதில் விழுகிறது. 2015-ல் அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை ஒரே நுண்ணுயிர் தனியாகவே செய்துமுடிக்கும் என்றும் தெரியவந்தது. இந்தப் பெயர் மாற்றத்தால் உங்கள் மீனுக்கு ஒன்றும் ஆகாது, சரி. ஆனால் எல்லாரும் சொல்கிற வேறு சில விஷயங்களை நம்பினால் ஆகும்.

மீனின் நீளத்தைக் கூட்டித் தொட்டியின் அளவைச் சொல்கிற கணக்கு உங்களுக்கும் தெரிந்திருக்கும். 2.5 சென்டிமீட்டர் நியான் டெட்ரா பத்து இருந்தால் மொத்தம் 25 சென்டிமீட்டர். ஒரு 25 சென்டிமீட்டர் ஆஸ்கார் மீனும் அதே 25. ஆனால் ஆஸ்கார் நீளம், அகலம், உயரம் மூன்றிலுமே சுமார் பத்து மடங்கு. ஒரு டெட்ராவைப்போல் ஆயிரம் மடங்கு உடல், அந்தப் பத்தையும் சேர்த்தால்கூட நூறு மடங்கு. தின்பதும் கழிப்பதும் அதற்கேற்ப. இந்த எண்ணை நம்பித் தொட்டி வாங்கியவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் "என் கோல்டு ஃபிஷ் கிண்ணத்தில் ஒரு வருடமாக நன்றாக இருக்கிறது" என்பது. பத்து வருடத்துக்கு மேல் வாழ்கிற மீனுக்கு ஒரு வருடம் என்பது குழந்தைப் பருவம். கிண்ணத்தில் செத்த மீன்களின் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் இந்தப் பழக்கத்தையே விட்டுவிடுகிறார்கள், பிறகு ஆலோசனை சொல்ல வருவதில்லை. மிஞ்சியவர்களின் குரல் மட்டும்தான் நமக்குக் கேட்கிறது.

அதனால் ஒருவர் பதில் சொல்லும்போது நான் பார்ப்பது இதைத்தான்: முதலில் கேள்வி கேட்டாரா? எத்தனை லிட்டர், எவ்வளவு நாள் என்று சொன்னாரா? காரணம் சொன்னாரா? நேற்று ராத்திரி ஒரு தம்பி எனக்குப் படம் அனுப்பியிருந்தார், ஃபைட்டர் மீன் அடியில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. தொட்டி எத்தனை நாள், எத்தனை லிட்டர், ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்பது நாள், பன்னிரண்டு லிட்டர், ஹீட்டர் இல்லை. டெஸ்ட் கிட்டும் இல்லை. குளோரின் நீக்கிய, அதே சூட்டில் இருக்கிற தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள், இரண்டு நாள் தீனி போடாதீர்கள், எங்காவது அம்மோனியா சோதித்துவிட்டுச் சொல்லுங்கள், மருந்து எதுவும் இப்போது வேண்டாம் என்றேன். எண் வந்ததும் மேலே பேசுகிறோம்.