குறுக்கே பேசுகிறவருக்கும் ஒரு நாற்காலி

(நாகர்கோவிலில் கல்லூரி மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கவனச் சிதறல் என்று தலைப்புக் கொடுத்தால் செல்போனை நாலு திட்டுத் திட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவது வழக்கம். எனக்கு அந்த யோக்கியதை கிடையாது, என் சட்டைப் பையிலும் ஒன்று துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதோடு இந்த ஊரில் நின்றுகொண்டு கவனத்தைப் பற்றிப் பேசுவதென்றால் இடலாக்குடியை விட்டுவிட்டுப் பேச முடியுமா?

செய்குத்தம்பி பாவலர். பத்தாம் வகுப்பில் படித்திருப்பீர்கள், ஆசிரியர் குறிப்பை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியதோடு மறந்தும் இருப்பீர்கள். 1874இல் இடலாக்குடியில் பிறந்தவர், சீறாப்புராணத்துக்கு உரை எழுதியவர். 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மன்றத்தில் அறிஞர்கள் கூடியிருந்த சபையில் நூறு விஷயங்களைக் கவனத்தில் வாங்கி, எதையும் தவறவிடாமல் விடை சொல்லி, சதாவதானி என்று பேர் வாங்கினார். சதம் என்றால் நூறு; ஒரே சபையில் பலர் கேட்பதையும் மனசில் வாங்கி விடை சொல்லும் கலைக்கு அவதானம் என்று பேர், செய்பவர் அவதானி.

இதைச் சொன்னதும் ஒரு தம்பி, "அப்போ நாங்களும் அப்படித்தான் சார், ரீல்ஸ் பார்த்துக்கிட்டே ரெக்கார்டு எழுதறோம்" என்பான். அது வேறு, இது வேறு தம்பி. அவதானம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். சுற்றிலும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார், ஒருவர் ஏதோ ஒரு தேதியைச் சொல்லி என்ன கிழமை என்பார், இன்னொருவர் கணக்குப் போடச் சொல்வார், முதுகுப் பக்கம் ஒருவர் அவ்வப்போது ஒரு பூவை எறிவார், எங்கிருந்தோ மணி அடிக்கும், கடைசியில் எத்தனை பூ விழுந்தது, எத்தனை முறை மணி அடித்தது என்று கேட்பார்கள்.

தெலுங்கு நாட்டில் இந்தக் கலை இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது, அங்கே அஷ்டாவதானத்தில் எட்டுப் பேர் கேள்வி கேட்பார்கள். ஒருவர் கேட்ட பாட்டுக்கு அவதானி ஒரே ஓர் அடி சொல்லிவிட்டு நிறுத்திவிட வேண்டும். அப்புறம் அடுத்தவருக்கு ஓர் அடி. இப்படி ஒரு சுற்று முடிந்து மறுபடி முதல் ஆளிடம் வரும்போது, விட்ட இடத்திலிருந்து இரண்டாம் அடி வர வேண்டும். நாலு சுற்று முடிந்த பிறகு எல்லாப் பாட்டையும் முழுதாக, வரிசையாக ஒப்பிக்க வேண்டும், அதற்குத் தாரணை என்று பேர். அந்த எட்டில் ஒருவருக்கு உத்தியோகமே குறுக்கே பேசுவதுதான். அப்ரஸ்துத பிரசங்கி என்பார்கள். அவதானி மும்முரமாக யோசிக்கும்போது பார்த்து, "சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு" என்கிற மாதிரி சம்பந்தமே இல்லாமல் எதையாவது கேட்பார். அவதானி அவரை முறைக்கக் கூடாது, நகைச்சுவையாகப் பதில் சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்குத் திரும்ப வேண்டும்!

எனக்கு இந்தக் கலையில் ரொம்பப் பிடித்தது இந்த ஏற்பாடுதான். நாமெல்லாம் தொந்தரவே இல்லாத இடம் கிடைத்தால் படித்துத் தள்ளிவிடுவோம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம். நம் வீடுகளில் அது நடக்காது: டிவி ஓடும், பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடும், அம்மா தேங்காய் வாங்க அனுப்புவார். அவதானி தொந்தரவுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார். அவர் பழகுவது திரும்பி வருவதை. நூறையும் ஒரே நொடியில் அவர் செய்வதில்லை, எந்த நொடியிலும் அவர் கையில் இருப்பது ஒன்றுதான், ஆனால் அந்த ஒன்றில் முழுசாக இருக்கிறார்.

நமக்கு எங்கே இடறுகிறது? சோஃபி லெராய் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால், மனசில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, அதனால் புதிய வேலை கெடுகிறது என்றார். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியைப் பார்த்துவிட்டுப் பதில் போடாமல் புத்தகத்துக்கு வந்தால் அந்தப் பக்கம் மண்டையில் ஏறுவதில்லையே, அதுதான். 2018இல் அவரே இன்னொருவரோடு சேர்ந்து ஒரு வழியும் சொன்னார்: எழுந்து போவதற்கு முன்னால், எங்கே விட்டோம், வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று சுருக்கமாக எழுதி வைத்துவிட்டுப் போ.

நம் டீ மாஸ்டர் இதை எந்த ஆய்வும் படிக்காமல் செய்கிறார். ஆர்டர் வர வர கண்ணாடி கிளாஸை வரிசையாக எடுத்து வைத்து, இதில் சர்க்கரை, இதில் பாதி, இதில் இல்லை என்று போட்டு விடுகிறார். நடுவில் சில்லறை கொடுத்துவிட்டு வந்தாலும் வரிசையைப் பார்த்தால் போதும். நோட்டு ஓரத்தில் "மூன்றாவது கணக்கு, இரண்டாம் வரியில் குறி சரிபார்" என்று பென்சிலால் எழுதி வைப்பதும் அதே வேலைதான்.

கவனம் என்பது கருத்தை நிறுத்துவது மட்டும் அல்ல, சீண்டினால் சாயாமல் இருப்பதும்தான். பாவலரைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். ஒரு சபையில் அவர் முஸ்லிம் என்பதை வைத்துச் சிக்க வைக்க, "துருக்கனுக்கு ராமன் துணை" என்று ஈற்றடி கொடுத்தார்களாம். கோபப்பட்டிருக்கலாம், எழுந்து போயிருக்கலாம். அவர் முந்தின அடியைப் "பரத லட்சுமண சத்" என்று முடித்தார். சத்துருக்கனுக்கு ராமன் துணையாகிவிட்டான், சபை கைதட்டியது. குத்தலைக் கேட்ட அந்தக் கணத்தில் மனசு குத்தலோடு போயிருந்தால் அந்தச் "சத்" கிடைத்திருக்குமா? கமென்ட்டில் ஒருத்தன் ஏதோ சொல்லிவிட்டான் என்று ராத்திரி முழுக்கப் புரள்கிறோமே, நாம் எல்லாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். பாவலருக்கு எதிரே இருந்தவர்களுக்குக் கேள்வி தீர்ந்தது, சபை கலைந்தது. நம் கையில் இருப்பதற்கு முடிவே கிடையாது. பக்கம் தீராமல் கீழே ஓடிக்கொண்டே இருக்கும் அந்த ஸ்க்ரோலை 2006இல் உருவாக்கிய ஏசா ராஸ்கின் பிற்பாடு தானே அதற்காக வருத்தப்பட்டுப் பேசினார். எனவே முழுப் பழியையும் உங்கள் மன உறுதியின் மேல் போடாதீர்கள். படிக்கும்போது போனை அடுத்த அறையில் வையுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒரு யோசனை. உங்கள் தமிழ் மன்றத்தில் அடுத்த கூட்டத்துக்குப் பேச்சாளரைக் கூப்பிடாமல் ஓர் அவதானம் வையுங்களேன். எட்டு வேண்டாம், நாலே பேர்: ஒரு கணக்கு, ஒரு குறள், மணி அடிக்க ஓர் ஆள், குறுக்கே பேச ஓர் ஆள். முதலில் எல்லாம் உளறிக் கொட்டும், கொட்டட்டும். மணிக்கு வேண்டுமானால் முதல்வர் அறைக்குப் போய்க் கேட்க வேண்டியிருக்கும். குறுக்கே பேசும் நாற்காலிக்கு இந்தக் கடைசி பெஞ்சில் இப்போதே போட்டி நடக்கிறது, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.