பவர் யார் கையில்?

அதியமான் ஆண்ட தகடூராம் நம் தருமபுரி மண்ணில் கூடியிருக்கும் பெரியோர்களே! தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, சால்வை போர்த்திய நூலகர் அவர்களே, மைக்செட் கட்டிய தம்பியே, யாராவது விடுபட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். அனைவருக்கும் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு 'வலிமை'. வினைவலி, தன்வலி, மாற்றான்வலி, துணைவலி என்று வள்ளுவர் நான்காக வகுத்தார். நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சங்கதி. பென்னாகரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பத்திரம் எழுதுபவரிடம் போனார். "என்ன பெரியவரே, பவர் எழுதணுமா?" என்றார் அவர். "ஆமாப்பா, பவர் ஏறிப்போச்சு. எதிர்ல வர்ற ஆளே மங்கலாத் தெரியுது." "அந்தப் பவர் இல்லைங்க, நிலத்துக்கு." "நிலத்துக்கா? த்ரீபேஸ் ராத்திரியிலதானே விடுறான்!" அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "ஐயா, உங்க பையனுக்குப் பவர் குடுக்கறீங்களா, இல்லையா?" பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவனுக்கு ஏற்கெனவே பவர் ஜாஸ்தி. அவங்க அம்மா குடுத்தது!"

சிரித்துவிட்டீர்கள், சரி. அவர் எதற்காக அங்கே போனார்? ஆயிரம் அடி போர்வெல் போட்டும் புழுதிதான் வந்தது. நிலத்தை விற்கும் பொறுப்பை பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் மகனிடம் ஒப்படைக்கப் போனார். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்தான், ஆனால் புல் முளைக்கவாவது தண்ணீர் வேண்டாமா?

வினைவலிக்கு வருகிறேன். எடுத்த காரியம் எவ்வளவு கனம் என்று முதலில் பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். நம் காரியம் என்ன? ஒகேனக்கல்லில் காவிரி பள்ளத்தில் ஓடுகிறது, நம் ஏரிகள் மேட்டில் கிடக்கின்றன. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். சுமார் 76 லிட்டர் தண்ணீரை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் வேகம். மேட்டுக்கு ஏற்ற எத்தனை ஆயிரம் குதிரை வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் கணக்குப் போடட்டும். முடியாத வேலை என்று மட்டும் சொல்ல வேண்டாம். புளோரைடு தண்ணீர் குடித்துப் பல் கறைபட்ட ஊர்களுக்கு அதே காவிரியைக் குழாயில் ஏற்றிக் கொண்டுவந்தார்களே! மேட்டூர் 120 அடி நிரம்பி வழிகிற நாட்களில் கடலுக்குப் போகும் உபரிநீரைத்தான் ஏரிகளுக்குக் கேட்கிறோம். டெல்டாக்காரர் பங்கில் ஒரு சொட்டும் வேண்டாம்.

தன்வலி? அது கிராமசபை. அக்டோபர் 2ஆம் தேதி நூறுநாள் வேலைக் கணக்கோடு எழுந்து போய்விடாதீர்கள். உபரிநீர்த் தீர்மானத்தை மினிட் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம், நமக்கு அந்தப் புத்தகம்.

தலைவர் ஐயா துண்டுச்சீட்டு கொடுத்துவிட்டார். மாற்றான்வலி, துணைவலி இரண்டும் அடுத்த கூட்டத்தில். கலெக்டருக்கான மனு டீ கேன் பக்கத்து மேசையில் இருக்கிறது. கைநாட்டும் செல்லும், மை டப்பா வைத்திருக்கிறோம்.