டி.டி.எஸ். மீட்டர் சொல்லாத கதை: பாலாத்துப் படுகையில கிணத்துத் தண்ணியை எப்படிச் சோதிக்கிறது

வணக்கம்ங்க. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் கிணத்துத் தண்ணியோ போர்த் தண்ணியோ புழங்குற எல்லாருக்கும் இந்த வீடியோ. இதோ கையில பாருங்க, பேனா மாதிரி இருக்கே, இதுதான் டி.டி.எஸ். மீட்டர், தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்போட மொத்த அளவைக் காட்டுறது. இப்போ வீட்டுக்கு வீடு இது வந்துடுச்சு. தண்ணியில முக்கி, 600 காட்டினா நல்ல தண்ணி, 1800 காட்டினா கெட்ட தண்ணின்னு முடிவு பண்ணிடுறோம். நம்ம ஊர்ல அப்படி முடிவு பண்றது ஆபத்து. ஏன்னு சொல்றேன்.

இந்த மீட்டர் உப்பை எடை போடுறது இல்லை. தண்ணி மின்சாரத்தை எவ்வளவு கடத்துதுன்னு அளந்து, அதை ஒரு எண்ணால பெருக்கிக் காட்டுது. சில மீட்டர்ல அந்த எண் 0.5, சிலதுல 0.7. அதனால 2000 மைக்ரோசீமென்ஸ் (கடத்துறதை அளக்கிற அலகு) கடத்துற ஒரே தண்ணி, ஒரு மீட்டர்ல 1000, இன்னொண்ணுல 1400. பக்கத்து வீட்டு அளவோட ஒப்பிடும்போது வர்ற சண்டையில பாதி இதனாலதான். இசி-ன்னு ஒரு பொத்தான் இருந்தா அதை அழுத்தி மைக்ரோசீமென்ஸ் எண்ணையே குறிச்சு வைங்க, குழப்பமே வராது.

அடுத்தது சூடு. நம்ம ஊர் மே மாச வெயில்ல மாடித் தொட்டித் தண்ணி 40 டிகிரிக்குப் போயிடும். தண்ணி ஒரு டிகிரி சூடானா கடத்துறது ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். சூட்டைத் தானா சரிக்கட்டுற வசதி இல்லாத மீட்டரா இருந்தா, 25 டிகிரியில 1000 காட்டுற தண்ணி இப்போ 1300 காட்டும். டம்ளர்ல பிடிச்சு, நிழல்ல ஆற வெச்சு அளங்க. மீட்டரை முக்கினதும் ஒரு உதறு உதறுங்க, காற்றுக் குமிழி ஒட்டியிருந்தா எண் குறைஞ்சு காட்டும். முப்பது நொடி கழிச்சுப் படிங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை 1413 மைக்ரோசீமென்ஸ் கரைசல்ல வெச்சுச் சரி பாருங்க.

இதெல்லாம் ஒழுங்கா செஞ்சாலும், தோல் பதனிடுற டேனரிக் கழிவுல வர்ற குரோமியங்கிற உலோகம் இந்த மீட்டருக்குத் தெரியவே தெரியாது. குடிதண்ணியில குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுங்கிறது இந்தியத் தர நிர்ணயம். டி.டி.எஸ்-க்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் நல்லது, வேற தண்ணியே கிடைக்காத இடத்துல 2000 வரைக்கும் பொறுத்துக்கலாம். இப்போ கணக்குப் போடுங்க. ஆயிரம் காட்டுற மீட்டர்ல 2 சதவீதப் பிழைன்னா 20 மில்லிகிராம். குரோமியத்தோட வரம்பு அதுல 400-ல ஒரு பங்கு. வரம்பைப் போலப் பத்து மடங்கு குரோமியம் இருந்தாலும் இந்த எண் அசையாது. நாக்குக்கும் தெரியாது. அதிகமா இருந்தாத்தான் லேசா மஞ்சள் ஓடும்.

ஒண்ணைப் புரிஞ்சுக்கங்க. உப்பும் குரோமியமும் நம்ம மண்ணுல வேற வேற வழியில போகுது. பச்சைத் தோல் கெட்டுப் போகாம இருக்க, 100 கிலோ தோலுக்கு ஏறக்குறைய 40 கிலோ உப்புத் தூவி அடுக்குறாங்க. டேனரியில முதல் வேலையே அதை ஊறப்போட்டுக் கழுவுறது. சோடியமும் குளோரைடும் மண்ணுல ஒட்டாது, தண்ணி போற இடத்துக்கெல்லாம் கூடவே போகும். பதனிடுறப்போ போடுற குரோமியம் அப்படி இல்லை. குரோமியத்துல குரோமியம்-3, குரோமியம்-6னு ரெண்டு வகை, டேனரியில போடுறது குரோமியம்-3. காரத்தன்மையுள்ள நம்ம மண்ணுல அது படிஞ்சு மேல் மண்ணுலயே தங்கிடும். அதனால டேனரிப் பக்கத்துக் கிணறுகள்ல பெரும்பாலும் உப்பு ஏறியிருக்கும், குரோமியம் குறைவா இருக்கும்.

குரோமியம்-6 தான் தண்ணியோடயே ஓடுறது, புற்றுநோயைக் கொடுக்கிறதும் அதுதான். ராணிப்பேட்டையில 1995-ல மூடின ஒரு குரோமேட் தொழிற்சாலையோட கழிவு, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல, குவியலா கிடந்தது. அந்தப் பக்கம் ஊறுற மஞ்சள் தண்ணியில இருக்கிறது இந்த வகை. அந்தச் சரிவுல கீழே கிணறு வெச்சிருக்கிறவங்க மீட்டரை நம்பவே நம்பாதீங்க. எண் 700 காட்டினாலும் பரிசோதனை கட்டாயம் வேணும்.

பரிசோதனைக்கு மாதிரி எடுக்கிறதுலதான் நிறைய பேர் தப்புப் பண்றாங்க. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தோட ஆய்வகத்துல கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். ஆனா குரோமியம் வேணும்னு தனியா எழுதிக் கேட்கணும். சாதாரணக் குடிநீர்ப் பரிசோதனைப் பட்டியல்ல குரோமியம் மாதிரி கன உலோகங்கள் பெரும்பாலும் இருக்காது, ‘எல்லாம் சரி’ன்னு தாள் வந்துடும், நீங்களும் நிம்மதியா இருந்துடுவீங்க. மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓட விட்டு, குழாயில நின்ன பழைய தண்ணி போன பிறகு பிடிங்க. அதே தண்ணியில பாட்டிலை மூணு தடவை அலசுங்க. உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு இதுக்கு ரெண்டு லிட்டர் கேன் ஒண்ணு. மொத்தக் குரோமியத்துக்கு நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டில், அதை ஆய்வகத்துலயே கேட்டு வாங்குங்க, அதை மட்டும் அலசக் கூடாது. அமிலம் இல்லைன்னா உலோகம் பாட்டில் சுவத்துல ஒட்டிக்கிட்டு, அளவு குறைஞ்சு வரும். குரோமியம்-6-க்கு நேர் எதிர். அதுல அமிலம் விடவே கூடாது, விட்டா அது குரோமியம்-3 ஆ மாறிடும். அந்த பாட்டிலை ஐஸ் பெட்டியில வெச்சு 24 மணி நேரத்துக்குள்ள கொண்டு போய்ச் சேருங்க.

எப்போ எடுக்கிறது? வருஷத்துக்கு ரெண்டு தடவை, மே மாசம் ஒண்ணு, ஜனவரி ஒண்ணு. பருவநிலை மாறுறது இங்கேதான் உள்ளே வருது. பாலாறு 348 கிலோமீட்டர் நீளம், அதுல 222 நம்ம தமிழ்நாட்டுல. வருஷத்துல பெரும்பகுதி மேல தண்ணி தெரியாது, மணலுக்கு அடியிலதான் ஓட்டம். அந்த மணலையும் அள்ளிட்டதால தேங்கி நிக்கிற இடம் குறைஞ்சு போச்சு. வறட்சி நீண்டுட்டே போனா கிணத்துல மட்டம் இறங்கும், மிச்சத் தண்ணியில உப்பு கெட்டியாகும். மேல் மண்ணுல தங்கின உப்பு வெள்ளையா பூத்து நிக்கும். அப்புறம் ஒரே வாரத்துல கொட்டித் தீர்க்கிற மழை. 2021 நவம்பர்ல பாலாறு கரை புரண்டதை எல்லாரும் பார்த்தோம். அந்த மாதிரி மழைக்குப் பிறகு கிணறு ரொம்பினதும் தண்ணி சுத்தமாயிடுச்சுன்னு நினைக்கிறோம். முதல்ல நடக்கிறது வேற. மண்ணுல காத்திருந்த உப்பு கரைஞ்சு கீழே இறங்குது, நிலத்தடி மட்டம் மேலே ஏறி, இத்தனை வருஷம் நனையாத கழிவுப் படலத்தைத் தொடுது. அதனால மழை நின்ன மறுநாள் எடுத்த ஒரு மாதிரியை நம்பாதீங்க. ஆறு, எட்டு வாரம் கழிச்சு இன்னொண்ணு எடுங்க.

கிணத்துக்குப் பிளீச்சிங் பவுடர் போடுற வழக்கமான கணக்கும் சொல்லிடுறேன். 1000 லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம். மூணு மீட்டர் விட்டம், நாலு மீட்டர் தண்ணின்னா ஏறக்குறைய 28,000 லிட்டர், அதுக்கு 70 கிராம். வாளியில குழைச்சு, முக்கால் வாளி தண்ணி ஊத்திக் கலக்கி, பத்து நிமிஷம் தெளிய விட்டு, தெளிஞ்சதை மட்டும் இன்னொரு வாளிக்கு மாத்தி, அந்த வாளியைக் கயித்துல கட்டிக் கிணத்துல இறக்கி மேலும் கீழுமா ஆட்டுங்க. அடியில நிக்கிற சுண்ணாம்பை உள்ளே கொட்டாதீங்க. ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. இது கிருமிக்கு மட்டும்தான், உப்புக்கும் குரோமியத்துக்கும் இது மருந்து இல்லை.

காய்ச்சுறதும் மருந்து இல்லை. பத்து லிட்டரைக் காய்ச்சி எட்டு லிட்டர் ஆக்கினா, கரைஞ்ச உப்பு கால் பங்கு கூடிடும். ஆர்.ஓ. உப்பைப் பிடிக்கும், குரோமியத்தையும் பெரும்பகுதி பிடிக்கும், ஆனா பிடிச்சது எங்கே போகுது? 1800 இருக்கிற தண்ணி நாலு லிட்டர் உள்ளே போய், ஒரு லிட்டர் 100-ல வெளியே வந்தா, மிச்ச மூணு லிட்டர்ல 2300-க்கு மேல நிக்கும். அதைச் செடிக்கு ஊத்தாதீங்க, கழிவறைக்குப் புழங்குங்க. டேனரிகளோட பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் இதே சிக்கல்தான், பெரிய அளவுல. பாக்டீரியா அழுக்கைத் தின்னும், உப்பைத் தின்னாது. ஆர்.ஓ. வெச்சு, மிச்சத்தைக் கொதிக்க வெச்சு வத்த வெச்சா, யாருக்கும் வேண்டாத கலப்பட உப்பு மூட்டை மூட்டையா சேரும். அதுக்குக் கூரை இல்லைன்னா ஒரு மழையில திரும்ப மண்ணுக்கே போயிடும். கழிவைத் தேக்கி வைக்கிறது எவ்வளவு கொடுமையா முடியும்னு 2015 ஜனவரி 31 அன்னைக்கு ராணிப்பேட்டை சிப்காட்டுல பார்த்தோம். தொட்டிச் சுவர் இடிஞ்சு தூங்கிட்டு இருந்த பத்துத் தொழிலாளிங்க செத்துப் போனாங்க. அதை மறக்கவே கூடாது.

நிலத்தைப் பத்தி. 1996 ஆகஸ்ட் 28-ல உச்ச நீதிமன்றம் நம்ம ஊர் டேனரிக் கழிவு வழக்குலதான் ‘கெடுத்தவனே செலவை ஏத்துக்கணும்’ங்கிற கொள்கையை இந்த நாட்டுச் சட்டமா சொன்னது. அந்தத் தீர்ப்புலயே இந்த டேனரிப் பகுதியில 35,000 ஹெக்டேர் சாகுபடிக்கு ஓரளவோ முழுசாவோ ஆகாம போச்சுன்னு பதிவாயிருக்கு. 2025 ஜனவரியிலயும் அதே நீதிமன்றம் பாலாத்துக்காகத் திரும்பப் பேச வேண்டி வந்துச்சு. உங்க பாசனத் தண்ணி 3000 மைக்ரோசீமென்ஸ் தாண்டினா நெல்லை மறந்துடுங்க. ஜிப்சம் போட்டா சரியாயிடும்னு கடைக்காரங்க சொல்வாங்க. ஜிப்சம் சோடியத்தை மண்ணுல இருந்து கழட்டி விடும், அவ்வளவுதான். கழன்டதைக் கழுவி வெளியே கொண்டு போக நல்ல தண்ணியும் வடிகாலும் இல்லைன்னா காசு வீண்.

காத்துக்கு ரெண்டே விஷயம். தோல் சீவல், வெட்டுத் துண்டு, அந்த நீலச் சாம்பல் நிறத்துல இருக்குமே, அதை அடுப்புலயோ சூளையிலயோ எரிக்காதீங்க. காத்தோட எரியறப்போ குரோமியம்-3, குரோமியம்-6 ஆ மாறும், புகையிலயும் வரும், சாம்பல்லயும் நிக்கும். ரெண்டாவது, கழிவுத் தொட்டியில அழுகின முட்டை நாத்தம். சல்ஃபைடு கழிவோட அமிலம் சேர்ந்தா அந்த நாத்தத்தோட விஷ வாயு ஒரேயடியா கிளம்பும். நாத்தம் திடீர்னு நின்னா வாயு போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லை, மூக்கு மரத்துப் போச்சுன்னு அர்த்தம். உள்ளே விழுந்தவரைத் தூக்கக் காத்துக் கருவி இல்லாம யாரும் இறங்கக் கூடாது. தீயணைப்புக்கு 101 அடிங்க.

கடைசியா ஏரி. தண்ணி சூடாக ஆக உள்ளே கரையுற ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் கரையும், 35-ல 7 தான். அதோட சாக்கடையும் பாசியும் சேர்ந்தா ராத்திரி முழுக்க எல்லாம் மூச்சு விட்டு இருக்கிற ஆக்சிஜனைத் தீர்த்துடும். கோடை மழை முதல் தண்ணி கரையில இருக்கிற குப்பையை உள்ளே இழுத்துட்டு வந்த மறுநாள்தான் கெண்டை, கட்லா எல்லாம் வெள்ளையா மிதக்கும். விஷம் வெச்சுட்டாங்கன்னு ஊர்ல பேச்சு வரும். குத்தகை எடுத்தவங்க அந்த நேரத்துல தீனியை நிறுத்துங்க, சாணம் போடாதீங்க, மோட்டார் வெச்சு ஏரித் தண்ணியையே எடுத்து உயரத்துல இருந்து பீச்சி விடுங்க. பயத்துல சுண்ணாம்பைக் கொட்டாதீங்க, பி.எச். (காரத்தன்மை) ஏறினா தண்ணியில இருக்கிற அம்மோனியா இன்னும் கொடிய விஷமாயிடும். இதைப் பார்க்கணும்னா விடியக்காலை அஞ்சு மணிக்கு மதகுப் பக்கம் போய் நில்லுங்க. மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். எட்டு மணிக்குப் போனீங்கன்னா வெயில் பட்டுப் பாசி ஆக்சிஜன் விட ஆரம்பிச்சிருக்கும், மீனெல்லாம் உள்ளே இறங்கியிருக்கும், ஏரி நல்லாத்தான் இருக்குன்னு திரும்பி வந்துடுவீங்க.